சொற்பட்டியலும் சமுதாயமும்

மொழி கற்பிக்கும் நூல்களை நம் திறனாய்வாளர் பொதுவாகத் தீண்டுவதில்லை. நாவலும் கவிதையும் நாடகமுமே விமரிசனத்துக்கு உரியன, சொற்பட்டியல் வெறுங் கருவி, கருவிக்குக் கொள்கை கிடையாது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்தல் வேண்டும். ஒரு நாட்டில் நல்ல நாவல் ஒன்றைப் படிப்போர் சில ஆயிரவர் எனின், தேர்வுக்கும் வேலைக்குமாகச் சொற்பட்டியலை மனனஞ் செய்வோர் பல இலட்சவர். நாவல் வாசகனோடு வாதிடுகிறது. வாசகன் அதனை மறுக்கலாம். சொற்பட்டியலோ வாதிடுவதேயில்லை. இதன் பொருள் இதுவெனத் தீர்ப்புக் கூறிவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுகிறது. அத்தீர்ப்பை எவரும் மேன்முறையீடு செய்வதில்லை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது பிலிப்பைன்ஸ் நாட்டில் பெருவழக்காயுள்ள ஒருவகை வெளியீடு. 'உயர்நிலை' ஆங்கிலச் சொற்களை இடப்பக்கத்திலும், அவற்றுக்கு நேரான தகலோக் சொற்களை வலப்பக்கத்திலும் நிறுத்தும் பட்டியல்களே அவை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதும் மாணவனும், அரசாங்க சேவைத் தேர்வுக்கு ஆயத்தஞ் செய்பவனும், வெளிநாட்டு மருத்துவமனைக்குச் செல்லவிருக்கும் தாதியும், கப்பலேறவிருக்கும் மாலுமியும் இவற்றைப் பயில்கின்றனர். சிறு கைந்நூலாக இருந்த பட்டியல் இன்று கைத்தொலைபேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆயினும் அதன் அமைப்பு மாறவில்லை: இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தகலோக். தனியொரு நூலின் பிழைகளைப் பொறுக்குவது நம் நோக்கமன்று. இரு மொழிகளை இவ்வாறு எதிரெதிரே நிறுத்தும் வகை எங்கிருந்து பிறந்தது, யாருக்கு ஊழியஞ் செய்கிறது, கற்பவனுக்கு அது எதைக் கொடுத்து எதைப் பறிக்கிறது என்பவற்றையே ஈண்டு நோக்குவோம்.

இவ்வகை நூலின் வரலாறு நானூறு ஆண்டுகளைக் கடந்தது. பிலிப்பைன்ஸில் ஸ்பானியர் ஆட்சி 1565இல் வேரூன்றத் தொடங்கிற்று. 1610ஆம் ஆண்டு, பத்தான் பகுதியில் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய அச்சகத்திலிருந்து இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, பிளாங்காஸ் தெ சான் ஹொசே என்னும் ஸ்பானியத் துறவி எழுதிய தகலோக் இலக்கணம். மற்றையது, அதே அச்சகத்தில் அச்சுத் தொழில் புரிந்த தோமஸ் பின்பின் என்னும் தகலோக்காரர், தம்மினத்தவர் ஸ்பானிய மொழியைக் கற்கவேண்டுமெனத் தகலோக்கிலேயே எழுதிய நூல். முதல் நூல், ஆளவந்தவர் ஆளப்படுவோரின் மொழியை அறிந்து பிரசங்கஞ் செய்யவும் பாவசங்கீர்த்தனங் கேட்கவும் துணை நின்றது. இரண்டாவது நூல், ஆளப்படுவோர் ஆளவந்தவரின் பேச்சைப் புரிந்துகொள்ளத் துணை நின்றது. ஒரே ஆண்டில் ஒரே அச்சகத்தில் பிறந்த இவ்விரு நூல்களும் எதிரெதிர்த் திசைகளில் நடந்தன. மூன்றாண்டுகளின் பின், 1613இல், பேத்ரோ தெ சான் புவெனவெந்தூரா என்னும் துறவி தொகுத்த முதற் பேரகராதி பீலா என்னும் ஊரில் அச்சாயிற்று. அதனை அச்சிட்டவர்களுள்ளும் பின்பின் ஒருவர்.

பின்பினின் கற்பித்தல் முறை கவனத்துக்குரியது. அவர் சொற்களை உதிரியாக அடுக்கிச் செல்வதோடு அமையவில்லை. தகலோக் அடியும் ஸ்பானிய அடியும் மாறி மாறி வரும் பாட்டுகளை இயற்றித் தம் நூலில் வைத்தார். பாடுகிறவன் ஒரு மொழியிலிருந்து மற்ற மொழிக்குத் தாவி மீண்டுந் தன் மொழிக்கே திரும்புகிறான். அவனுடைய நாவுக்கு ஏற்கெனவே பழகிய ஓசையிலேதான் புதிய சொல் வந்து அமர்கிறது. நவீனக் கல்வியியல் எதனையும் அறியாத ஓர் அச்சுத் தொழிலாளி, கற்பவனின் மொழியே கல்விக்கு நிலைக்களன் என்னும் உண்மையைக் கண்டு நடைமுறைப்படுத்தினார். பின்வந்த பட்டியல்கள் அவரிடமிருந்து இருநிரல் வடிவத்தைப் பெற்றுக்கொண்டன; நிலைக்களனைப் பெற்றுக்கொள்ளவில்லை.

ஸ்பானிய ஆட்சி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஆயினும் மக்களுட் சிறு பகுதியினரே ஸ்பானியம் அறிந்தனர். மக்கள் மொழிகளைத் தாம் கற்று, தம் மொழியை மக்களுக்குக் கொடாதிருப்பது துறவியர்க்கு வசதியாயிருந்தது. இடையிலே நின்று பொருள் கூறும் அதிகாரம் அதனால் அவர்களிடமே தங்கிற்று. 1863இல் ஆரம்பப் பள்ளிகளை அமைக்கும் அரச ஆணை பிறந்த பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. ஹொசே றிசால் 1891இல் வெளியிட்ட தம் இரண்டாவது நாவலில், ஸ்பானிய மொழிக் கழகமொன்றை நிறுவ அனுமதி கோரி மாணவர் மன்றாடுவதைச் சித்திரிக்கிறார். சிமோன் என்னும் பாத்திரமோ அம்மாணவரை இடித்துரைக்கிறான். அந்நிய மொழியைப் பொதுமொழியாக்கக் கேட்பது, தம் சொந்தச் சிந்தனையைத் தாமே ஒப்படைப்பதாகும் என்பது அவன் வாதத்தின் சாரம். இவ்வாதத்தை றிசால் எழுதியதும் ஸ்பானிய மொழியிலேதான். அந்த முரண்பாடு அவருடைய தனிப்பட்ட குறையன்று. கல்வி பெற்ற வர்க்கம் முழுவதும் அகப்பட்டிருந்த பொறியே அது.

1898இல் ஸ்பானியர் சென்றனர், அமெரிக்கர் வந்தனர். 1901 ஜனவரியில் இயற்றப்பட்ட 74ஆம் இலக்கச் சட்டம் அரசாங்கப் பள்ளிக் கல்வி அனைத்துக்கும் ஆங்கிலத்தையே அடிப்படையாக்கிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் 'தோமஸ்' என்னும் இராணுவப் போக்குவரத்துக் கப்பலில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர் மணிலாவில் வந்திறங்கினர். அந்நாட்டு மக்களின் விடுதலைப்படையோடு அமெரிக்கா பொருத போர் அப்பொழுது ஓயவில்லை. துப்பாக்கியும் அரிச்சுவடியும் ஒரே துறைமுகத்தில் இறங்கின என்பது மிகையன்று. அவ்வாசிரியருட் பலர் நல்லெண்ணம் உடையோராகவும் கடின உழைப்பாளிகளாகவும் இருந்தனர். தனிமனிதரின் நல்லெண்ணம் அமைப்பின் நோக்கத்தை மாற்றிவிடுவதில்லை. 1925இல் போல் மன்றோ என்பார் தலைமையில் நிகழ்ந்த கல்வி ஆய்வு, பெரும்பாலான பிள்ளைகள் சில வகுப்புகளோடு பள்ளியை விட்டு விலகுவதையும், அந்நிய மொழி அவர்தம் கல்விக்குத் தடையாதலையும் எடுத்துக் காட்டிற்று. ஆயினும் ஆங்கிலமே தொடர்ந்து பயிற்றுமொழியாயிருந்தது. நோய் கண்டறியப்பட்டது, மருந்து மாற்றப்படவில்லை.

இக்கல்வியின் விளைவை றெனாத்தோ கொன்ஸ்தந்தீனோ 1959இல் எழுதி 1966இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில் அலசினார். அந்நியன் கொடுத்த மொழி வழியே தன் வரலாற்றை அந்நியன் கண்ணாற் காணப் பழகிய ஒரு கூட்டம் உருவானதையும், ஆங்கிலம் அறிந்த மேலோர்க்கும் அறியாத பொதுமக்களுக்கும் இடையே மதில் எழுந்ததையும் அவர் தெளிவுபடுத்தினார். 'கல்வி' எனப்பட்டது எவ்வாறு பிழைக்கல்வியாயிற்று என்பதே அவர் எழுப்பிய கேள்வி. நாம் ஆராயும் சொற்பட்டியல் அம்மதிலின் சிறு செங்கல். மதிலில் ஏறுவதற்கான ஏணியெனத் தோன்றுவதனாலேயே அது செங்கலாதல் எளிதிற் புலப்படுவதில்லை.

'உயர்நிலைச் சொல்' என்னும் தொடரையே முதலில் விசாரிப்போம். ஒரு சொல் எதனால் உயர்கிறது? அது குறிக்கும் பொருள் நுட்பமானது என்பதனாலா? அங்ஙனமாயின் பிலிப்பைன்ஸ் உழவன் நாள்தோறும் வழங்கும் சொற்கள் பட்டியலின் முதலிடத்தைப் பெறல் வேண்டும். ஆங்கிலத்தில் 'றைஸ்' என்னும் ஒரே சொல் நிற்குமிடத்தில் தகலோக்கில் 'பாலாய்' என்றால் நெல், 'பிகாஸ்' என்றால் அரிசி, 'கானின்' என்றால் சோறு. அடிப்பிடித்த சோற்றுக்குத் 'தூத்தொங்' என்றும், முதல்நாள் எஞ்சிய பழஞ்சோற்றுக்குப் 'பாஹாவ்' என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. நெல்லையும் அரிசியையும் சோற்றையும் வேறுபிரித்தறியும் தமிழருக்கு இதன் நியாயத்தை விளக்கவேண்டியதில்லை. விதைப்பவனும் குற்றுபவளும் உண்பவனும் ஒரே பொருளை மூன்று உழைப்பு நிலைகளிற் காண்கிறார்கள். மொழி அவ்வுழைப்பைப் பதிவு செய்கிறது. ஆனால் எந்தத் தேர்வும் இதனை உயர்ந்த சொல்வளமெனக் கணக்கிடுவதில்லை. இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் ஆங்கிலத்திற் புகுந்து, படித்த வகுப்பாரின் வாயில் மட்டும் வழங்கும் சொல்லே அங்கு உயர்நிலை பெறுகிறது. உயர்வு சொல்லின் பொருளில் இல்லை. அதனைப் பேசுவோரின் சமூகத் தானத்திலிருந்தே அது வருகிறது.

இங்கு இன்னொரு விந்தையும் உண்டு. ஸ்பானிய ஆட்சி தகலோக்கில் விட்டுச்சென்ற சொற்கள் இலத்தீனிலிருந்து கிளைத்தவை. ஆதலால் ஆங்கிலத்தின் கடினச் சொற்கள் பலவற்றின் உறவினர் தகலோக் குடிசைகளில் ஏற்கெனவே குடியிருக்கின்றனர். நீதிமன்றப் படியேறிய உழவனுக்கு 'ஹுஸ்திஸ்யா' என்றால் நீதி, 'சென்தென்ஸ்யா' என்றால் தீர்ப்பு, 'தெஸ்தீகோ' என்றால் சாட்சி. இம்மூன்றாவதற்குச் 'சக்ஸி' என்னும் பழைய சொல்லும் அவனிடம் உண்டு. வடமொழியிலிருந்து மலாய் வழியாகத் தீவுகளுக்குச் சென்ற அச்சொல், நம் 'சாட்சி'யின் உடன்பிறப்பு. ஆசிரியரைக் குறிக்கும் 'குரோ' நம் குருவே. போர்வீரனைக் குறிக்கும் 'காவால்' என்பது தமிழ்க் 'காவல்' மலாய் வழியே கடல் கடந்த வடிவம். இந்திய வணிகமும் மலாய்த் தொடர்பும் ஸ்பானிய ஆட்சியும் அமெரிக்க ஆட்சியும் படை படையாகப் படிந்த மொழி அது. கற்பவனுக்கு இப்படைகளைக் காட்டினால் அந்நியச் சொல்லின் கடினம் பாதியாகக் குறையும். ஆனால் பட்டியலோ ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் வானத்திலிருந்து விழுந்த கல்லைப்போல அவன் முன் வைக்கிறது. உறவு காட்டினால் அச்சம் நீங்கிவிடும். அச்சம் நீங்கினால் ஆங்கிலத்தின் மேன்மையும் ஒளி மங்கிவிடும்.

இனி, ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் சமன்பாட்டை நோக்குவோம். 'றெஸ்பொன்சிபிலிற்றி', 'எக்கவுன்டபிலிற்றி', 'லயபிலிற்றி' ஆகிய மூன்றுக்கும் 'பனனகூத்தான்' என்னும் ஒரே தகலோக் சொல் வலப்பக்கத்தில் நிற்பதைக் காணலாம். அச்சொல் 'சகோத்' என்னும் அடியிற் பிறந்தது. 'சகோத்' என்றால் விடை. விடை கூறக் கடமைப்பட்டிருத்தலே பொறுப்பு என்பது அதன் உட்பொருள். ஆங்கிலச் சொற்களுள் முதலாவதன் இலத்தீன் அடியும் விடை கூறுதல் என்னும் பொருளதே. உலகின் இரு கோடிகளில் வாழ்ந்த இரு மக்களினத்தார் ஒரே வழியிற் சிந்தித்து இச்சொல்லை ஆக்கியுள்ளனர். இதனை ஒரு மாணவனுக்குச் சொன்னால் அவன் ஆங்கிலச் சொல்லை ஒருநாளும் மறவான். தன் சொல்லையும் தாழ்வாக எண்ணான். பட்டியல் இதனைச் சொல்வதில்லை.

சொல்லாமல் விடுவதனால் விளையும் தீங்கு உணர்ச்சியளவில் நின்றுவிடுவதன்று. அம்மூன்று ஆங்கிலச் சொற்களும் ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரே பொருளைத் தருவனவல்ல. ஒன்று செய்யவேண்டிய கடமை. ஒன்று செய்ததற்குக் கணக்குக் காட்டும் கடப்பாடு. ஒன்று நட்டத்தை ஈடுசெய்யும் சட்டக் கடப்பாடு. வளைகுடா நாட்டுக்கோ கப்பலுக்கோ செல்லும் தொழிலாளி கையொப்பமிடும் பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. விபத்தொன்று நேரின் முதலாளியின் ஈட்டுக் கடப்பாடு எங்கு முடிகிறது, தொழிலாளியின் கடமை எங்கு தொடங்குகிறது என்பது அம்மூன்று சொற்களின் வேறுபாட்டிலேதான் தங்கியிருக்கிறது. மூன்றையும் ஒன்றென மனனஞ் செய்தவன் தேர்வில் வெல்வான், பத்திரத்தில் தோற்பான். நாட்டினுள்ளேயே சட்டங்களும் மேல்மன்றத் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படும் நிலையில், இது இலட்சக்கணக்கான உழைப்பாளரின் வாழ்க்கைப் பிரச்சினையாகும்.

மற்றோர் உதாரணம், விடுதலை. 'பிறீடம்', 'லிபேட்டி', 'இன்டிப்பென்டன்ஸ்' ஆகிய அனைத்துக்கும் நேராகக் 'கலயாஅன்' என எழுதிவிடுவது வழக்கம். 1892இல் தோன்றிய கதிப்புனான் என்னும் புரட்சிக் கழகம், 1896இல் வெளியிட்ட தன் பத்திரிகைக்குச் சூட்டிய பெயர் அது. வரலாற்றாசிரியர் றெய்னால்தோ இலேத்தோ 1979இல் வெளியிட்ட தம் நூலில், இச்சொல்லை 'லாயாவ்' என்பதனோடு தொடர்புபடுத்தி விளக்குகிறார். 'லாயாவ்' என்றால் பெற்றோரிடம் குழந்தை பெறும் செல்லம், தடையற்ற அன்பு. அவ்வாறாயின், புரட்சியில் இறங்கிய ஏழை உழவனுக்கு விடுதலை என்பது தாய்மடியின் நிறைவை மீளப் பெறுதலாயிற்று. அரசியல் யாப்பின் ஒரு விதி என்ற அளவில் அவன் அதனை உணரவில்லை. தன்னாட்சியைக் குறிக்கத் தகலோக்கில் வேறு சொல்லும் உண்டு: 'தான்' எனப் பொருள்படும் 'சரிலி'யிலிருந்து பிறந்த 'கசரின்லான்'. இவ்வளவும் வலப்பக்கத்தில் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடும்போது ஒரு புரட்சியின் உணர்ச்சி வரலாறே அடிபட்டுப்போகிறது.

ஆங்கிலத்தைக் கண்டு வெகுண்டவருள் ஒரு சாரார் மறுகோடிக்கு ஓடினர். கணிதத்துக்குச் 'சிப்னாயான்', பௌதிகத்துக்கு 'லிக்னாயான்' என 1960களின் இறுதியில் புதுச் சொற்கள் ஆக்கப்பட்டன. இவற்றின் பின்னால் இருந்த உழைப்பு போற்றத்தக்கது. அறிவியலைச் சொந்த மொழியிற் கூறும் வேட்கையை எள்ளுதல் அடிமைப் புத்தியின் அடையாளம். ஆனால் நாற்காலிக்கு மக்கள் நெடுங்காலமாக வழங்கிவந்த 'சில்யா' என்னும் ஸ்பானியச் சொல்லை விலக்கி, பின்புறத்தைத் தாங்குவது எனப் பொருள்படும் 'சலும்புவித்' என்பதைப் புகுத்த முனைந்ததாகக் கூறும் கேலிக்கதை இன்றும் அந்நாட்டில் நிலவுகிறது. மக்கள் நாவில் ஏறி அமர்ந்துவிட்ட சொல்லை அதன் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வெளியேற்றுபவர், இடப்பக்கத்து ஆங்கிலத்துக்கு அஞ்சியே வலப்பக்கத்தை அலங்கரிக்கிறார். இரு சாராரும் மக்களைக் கேட்கவில்லை என்பதில் ஒன்றுபடுகின்றனர்.

மேலும், வலப்பக்கமும் எல்லோருக்கும் சொந்தமன்று. தகலோக் அந்நாட்டின் பல மொழிகளுள் ஒன்று. செபுவானோ, இலோக்கானோ, ஹிலிகைனோன் முதலியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோர் கோடிக்கணக்கினர். 1937 டிசெம்பரில் தகலோக்கை அடிப்படையாகக் கொண்ட தேசிய மொழி அறிவிக்கப்பட்டது. 1959இல் அதற்குப் 'பிலிப்பினோ' என்பதன் முன்வடிவமாகப் 'பிலிப்பீனோ' எனக் கூறத்தக்க, தகலோக் ஒலிக்கு இசைந்த பெயர் சூட்டப்பட்டது. 1987 யாப்பு அதனைத் திருத்திப் 'பிலிப்பினோ' ஆக்கிற்று. செபுத் தீவின் பிள்ளைக்கு நெல் 'ஹூமாய்', அரிசி 'புகாஸ்', சோறு 'கான்ஒன்'. அப்பிள்ளை ஆங்கில-தகலோக் பட்டியலைத் திறக்கும்போது இரு பக்கமும் பிறர் மொழியே. அதனுடைய மொழிக்கு மூன்றாவது நிரல் ஒன்று இல்லை. 2012 அளவில் தொடங்கி 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட திட்டம் தொடக்க வகுப்புகளில் தாய்மொழிக் கல்வியைக் கட்டாயமாக்கிற்று. 2024இல் வந்த மற்றொரு சட்டம் அக்கட்டாயத்தை நீக்கிப் பிலிப்பினோவையும் ஆங்கிலத்தையுமே மீண்டும் முன்னிறுத்தியது. போதிய நூல்களையும் பயிற்சியையும் கொடாது ஒரு திட்டத்தைத் தளரவிட்டு, பின் அது தளர்ந்ததெனக் கூறிக் கைவிடும் முறை நம் ஆசிரியர்களுக்கும் புதிதன்று.

இவ்வளவும் கூறியபின், ஆங்கிலத்தைக் கற்பவரை நாம் பழிக்கிறோமென எவரும் கொள்ளற்க. இன்று பிலிப்பைன்ஸில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு நிறுவனங்களுக்கான தொலைபேசி நிலையங்களிலும் அவைபோன்ற பணியகங்களிலும் உழைக்கின்றனர். அமெரிக்காவின் பகல் அவர்களுக்கு இரவாதலால், ஊர் உறங்கும் நேரத்தில் அவர்கள் விழித்திருந்து பிறர் நாட்டு ஒலிப்பில் பிறர் குறைகளைக் கேட்கின்றனர். ஒரு சொல்லின் உச்சரிப்பு ஒரு குடும்பத்தின் அரிசியைத் தீர்மானிக்கும்போது, பட்டியலை மனனஞ் செய்யாதே என உபதேசிப்பது கொடுமை. அம்மகனையும் மகளையும் அந்நிலைக்குத் தள்ளிய பொருளாதாரமே நம் விமரிசனத்தின் இலக்கு. உள்நாட்டில் நிலமும் தொழிலும் கொடாத அமைப்பு, கடல் கடக்கும் கைகளையும் கடல் கடக்கும் குரல்களையும் ஏற்றுமதி செய்கிறது. அவ்வேற்றுமதியின் பொதி சுற்றும் தாளாகச் சொற்பட்டியல் பயன்படுகிறது.

ஆயினும் மக்கள் வெறுமனே மனனஞ் செய்யும் இயந்திரங்களல்லர். தமக்குக் கொடுக்கப்பட்ட சொற்களுக்குத் தம் குருதியால் உரை எழுதியவர்கள் அவர்கள். இதற்கு இரு சொற்கள் போதும்.

'பெனவலன்ற்' என்பது எப்பட்டியலிலும் இடம்பெறும் உயர்நிலைச் சொல். நல்லெண்ணமுடைய, ஈகைக் குணமுடைய என்னும் பொருளிற் தகலோக் சொற்கள் அதற்கெதிரே நிற்கும். 1898 டிசெம்பர் 21ஆம் நாள் அமெரிக்க அதிபர் மக்கின்லி விடுத்த பிரகடனத்தின் பெயரிலேயே இச்சொல் அமர்ந்திருந்தது: நல்லெண்ணத்தோடு தம்முடன் இணைத்துக்கொள்ளுதல் என்பது அதன் கருத்து. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் போர் மூண்டது. போராலும் பஞ்சத்தாலும் நோயாலும் இரண்டு இலட்சம் வரையான குடிமக்கள் மாண்டனரென மதிப்பிடப்படுகிறது. அந்நாட்டு மாணவன் அச்சொல்லைக் கற்கும் நாளில் இவ்வரலாற்றையும் அறியாவிடின் அவன் சொல்லைக் கற்றவனாகான்.

இரண்டாவது, 'சால்வேஜ்'. அழிவிலிருந்து மீட்டல் என்பது அதன் ஆங்கிலப் பொருள்; பட்டியலும் காப்பாற்றுதல் என்னும் பொருளிலேயே தகலோக் சொல்லைத் தரும். ஆனால் 1972இல் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்த காலந்தொட்டு, பிலிப்பைன்ஸ் மக்கள் பேசும் ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு வேறு பொருள் வழங்குகிறது. விசாரணையின்றிப் பிடித்துச் சென்று கொன்று உடலை வெளியே எறிதலே அப்பொருள். கொடியவன் எனப் பொருள்படும் 'சல்பாஹே' என்னும் தகலோக் சொல், அதன் ஸ்பானிய மூலத்தோடு சேர்ந்து, இவ்வாங்கிலச் சொல்லின் ஒலியோடு கலந்ததனால் இப்பொருள் பிறந்ததென விளக்குவர். பிறப்பு எவ்வாறாயினும் விளைவு தெளிவானது. மாணவரும் தொழிற்சங்கத்தவரும் உழவரும் காணாமற்போன ஒரு காலத்தில், மக்கள் ஆங்கிலத்தின் ஒரு சொல்லைக் கைப்பற்றி, அதன் பொருளைத் தலைகீழாக்கி, ஆட்சியாளரின் மீது சாட்சியாக நிறுத்தினர். 1986இல் மார்க்கோஸ் ஓடிய பின்னும் அச்சொல் ஓடவில்லை. 'காப்பாற்றுதல்' என எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்லும் பட்டியல், அச்சாட்சியை அழிக்கிறது. அறிந்து செய்யினும் அறியாது செய்யினும் அழித்தல் அழித்தலே.

இதற்கு மாற்று உண்டா என வினவலாம். அந்நாட்டு முற்போக்கு எழுத்தின் வரலாறே விடை பகர்கிறது. தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டிருந்த லோப்பே கே. சாந்தோஸ் 1906இல் வெளியிட்ட நாவல், சோஷலிசம் என்னும் அக்காலத்து மிகப் புதிய கருத்தைத் தகலோக் வாசகருக்கு நீண்ட உரையாடல்கள் வாயிலாக விளக்கிற்று. கருத்து அந்நியமாயிருந்தது, விளக்கிய மொழி வீட்டு மொழி. அந்நாவலின் உரையாடல்கள் சில இடங்களில் கதையை மறந்து பிரசங்கமாகின்றன என்பது உண்மை. ஆயினும் உயர்ந்த சிந்தனைக்கு உயர்நிலை ஆங்கிலம் முன்நிபந்தனையன்று என அது நிறுவிற்று. 1940இல் தேசிய மொழியின் இலக்கணத்தை எழுதியவரும் இதே சாந்தோஸ் என்பது தற்செயலன்று. அமாதோ எர்னாண்டெஸ் என்னும் தொழிற்சங்கத் தலைவர் 1951 முதல் ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தார். அவருடைய கவிதைகளும் 1969இல் வெளிவந்த நாவலும் தகலோக்கிலேயே அமைந்தன. ஆங்கிலம் அறியாமையால் அவர்கள் தகலோக்கில் எழுதவில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பதை அறிந்தமையால் எழுதினர்.

ஆகவே நாம் வேண்டுவது பட்டியலை எரிப்பதன்று, திருப்பி எழுதுவது. முதலாவதாக, சொல் இரு திசையிலும் நடத்தல் வேண்டும். நெல்லுக்கும் அரிசிக்கும் சோற்றுக்கும் ஆங்கிலத்தில் என் செய்வது என வலப்பக்கம் இடப்பக்கத்தைக் கேள்வி கேட்கவேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு சொல்லும் தன் அடியோடும் உறவோடும் வருதல் வேண்டும். மூன்றாவதாக, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் கற்பவனின் வயலிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் ஒப்பந்தப் பத்திரத்திலிருந்தும் பிறத்தல் வேண்டும். அவன் காணாத மாளிகையின் விருந்தறையிலிருந்தன்று. நான்காவதாக, ஒரு சொல்லை அந்நாட்டு மக்கள் எவ்வாறு அனுபவித்தனர் என்பதும் அதன் பொருளின் பகுதியெனக் கொள்ளப்படல் வேண்டும். இவை நடைமுறைக்கு ஒவ்வாத கனவுகளல்ல. 1610இல் மரக்கட்டையும் ஈயமும் கையாண்ட ஓர் அச்சுத் தொழிலாளி இவற்றுட் சிலவற்றைச் செய்து காட்டினார்.

கரும்பலகையின் நடுவே கோடொன்றை இழுத்து, ஒரு புறம் ஆங்கிலமும் மறுபுறம் தாய்மொழியுமாக எழுதும் ஆசிரியர் உலகெங்கும் உள்ளனர். இக்கட்டுரையைப் படிப்போருள்ளும் பலர் நாளைக் காலை அக்கோட்டை இழுக்கவேண்டியவர்கள். எழுதிய சொற்களை மாணவர் பார்த்தெழுதி முடித்ததும், வலப்பக்கத்துச் சொல்லின் பொருள் யாது, அது எங்கிருந்து வந்தது, உங்கள் வீட்டில் அதனை யார் எப்பொழுது சொல்கிறார்கள் என ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்க ஐந்து நிமிடம் போதும். அதற்கு எந்தக் கல்வித் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.